பச்சை ஒயர் எங்கே போய் முடிகிறது? பட்டறை எர்த்தும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்

பட்டறைக்கு இடம் பார்க்கிறவர்கள் வாடகை கேட்பார்கள், த்ரீ ஃபேஸ் லைன் இருக்கிறதா என்று கேட்பார்கள், பலகை ஏற்றி வரும் வண்டி உள்ளே திரும்புமா என்று பார்ப்பார்கள். எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பச்சை ஒயர், எங்கே இறங்குகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டாலும் "அதெல்லாம் இருக்குதுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கோவைக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் மரவேலைப் பட்டறை நடத்துகிறேன். அலமாரி, கட்டில், மாடுலர் கிச்சன் என்று வேலை ஓடுகிறது. ஷெட்டை எடுத்தபோது எனக்கும் அந்தப் பதில்தான் கிடைத்தது. அதை நம்பாமல் பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, மொட்டை மாடியில் டிரில்லும் கட்டரும் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தேட வைத்தது ஒரு ஸ்டாண்ட் டிரில். முன்பு அங்கே பட்டறை வைத்திருந்தவரிடமிருந்து ஷெட்டோடு சேர்த்து வாங்கியது. அரை ஹெச்பி மோட்டார், வார்ப்பிரும்புத் தூண். தரையைக் கழுவிவிட்ட ஒரு காலையில், வெறுங்காலோடு நின்றிருந்த பையன் தூணில் கை வைத்ததும் சட்டென்று பின்வாங்கினான். "சுருக்குனு இருக்குதுங்ணா" என்றான். முன்பிருந்தே அங்கே வேலை செய்யும் மேஸ்திரி பதறவே இல்லை. "அது எப்பவும் அப்படித்தாங்க தம்பி, செருப்பு போட்டுக்கிட்டா தெரியாது" என்றார். எனக்கு அந்தச் சுருக்கைவிட இந்தப் பதில்தான் பயத்தைத் தந்தது. கரண்ட் கசிகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, செருப்பு அதை மறைக்கிறது என்பதால் விட்டுவிட்டார்கள். வியர்த்த கையோடு ஈரத் தரையில் நின்று தொட்டால் நிலைமையே வேறு.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை டிரில் தூணிலும் மறு முனையை வெளியே ஈர மண்ணில் அடித்த ஒரு கம்பியிலும் வைத்தேன். நூறு வோல்ட்டுக்குமேல் காட்டியது. இப்படிப் பாதி வோல்டேஜ் காட்டினால் ஃபேஸ் ஒயரே (கரண்ட் வரும் ஒயர்) நேராக மிஷின் உடம்பில் ஒட்டிவிட்டது என்று அர்த்தமில்லை. மோட்டார் சுற்றிலிருந்து இரும்புக் கூட்டுக்கு எப்போதும் மிகச் சிறிதளவு கசிவு இருக்கும், ஈரமும் பழைய இன்சுலேஷனும் அதைக் கூட்டும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு அப்படியே மண்ணுக்குப் போய்விடும், மீட்டரில் ஏறக்குறைய பூஜ்யம்தான் வரும். ஆக, அந்த நூறு வோல்ட் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னது. இந்த மிஷினுக்கு எர்த் இல்லை. நாளைக்கு ஃபேஸ் நிஜமாகவே உடம்பில் ஒட்டினால் 230 வோல்ட்டும் தொடுகிறவன் கைக்காகக் காத்திருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிஷின் பக்கத்திலிருந்து தொடங்கினோம். மோட்டார் உடம்பில் எர்த் ஸ்க்ரூ இறுக்கமாகவே இருந்தது. மூன்று கோர் ஒயர் (உள்ளே மூன்று தனிக் கம்பிகள்), அதிலும் குறையில்லை. பிளக் மூன்று பின் கொண்டது, மேலே இருக்கும் பெரிய பின்னிலிருந்து மோட்டார் உடம்பு வரை மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு அறாமல் இருந்தால் கூவும் நிலை) வைத்தபோது நன்றாகக் கூவியது. அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

அந்தப் பாக்ஸைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே மாதிரி பாக்ஸ் நம் ஊரில் பாதிப் பட்டறைகளில் கிடக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக், நான்கு சாக்கெட், சிவப்பு விளக்கு. நான்கு சாக்கெட்டிலும் மேலே பெரிய ஓட்டை. அடிப்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தால், ஃபேஸ் பட்டையும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் பட்டையும் கறுத்திருந்தன. எர்த் ஓட்டைகளுக்குக் கீழே இருந்த பித்தளைத் துண்டுகள் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தன. அவற்றில் ஒயரே இல்லை. நான்கு துண்டுகளும் ஒன்றோடொன்று சேரவும் இல்லை, அந்தரத்தில் நின்றன. பாக்ஸிலிருந்து வெளியே போன ஒயர் இரண்டு கோர், அதன் முனையில் இரண்டு பின் பிளக். மேலே இருந்த பெரிய ஓட்டை எர்த் பின் நுழைவதற்கான இடம், அவ்வளவுதான். மூன்று பின் பிளக்கை அதில் சொருகுகிறவருக்கு எர்த் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை வரும். எர்த்தே இல்லாத பாக்ஸைவிட இந்த நம்பிக்கையைக் கொடுக்கும் பாக்ஸ் மோசமானது.

ஆகவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கும்போது முதலில் ஒயரின் முனையைப் பாருங்கள். இரண்டு பின் என்றால் கீழே வைத்துவிடுங்கள். மூன்று பின் இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும், எதிலும் சொருகாமல், பிளக்கின் பெரிய பின்னுக்கும் பாக்ஸின் ஒவ்வொரு எர்த் ஓட்டைக்கும் கன்டினியூட்டி பாருங்கள். மீட்டர் கூவிக்கொண்டிருக்கும்போதே ஒயரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வளைத்து, லேசாக இழுத்துப் பாருங்கள். நடுவில் சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே ஒயர் அறுந்துகொண்டிருக்கிறது. எர்த் அறுந்தால் மிஷின் எப்போதும் போல ஓடும், யாருக்கும் தெரியாது. ஃபேஸோ நியூட்ரலோ அறுந்தால் மிஷின் நின்று உங்களுக்குச் சொல்லிவிடும். எர்த் மட்டும்தான் நாமாகத் தேடிப் பார்த்தால் ஒழியத் தன் குறையைக் காட்டிக்கொள்ளாத ஒயர்.

சரி, பாக்ஸைத் தூக்கி எறிந்துவிட்டு டிரில்லை நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகினோம். அப்போதும் தூணில் அதே நூறு வோல்ட். பிறகு லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு போர்டைத் திறந்தோம். சாக்கெட்டிலிருந்து எர்த் ஒயர் போர்டுக்கு வந்தது, போர்டிலிருந்து ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி சுவரைத் துளைத்து வெளியே போனது. வெளியே தொட்டிக்குப் போகும் தண்ணீர்க் குழாயில் அது சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. கட்டிய காலத்தில் அந்தக் குழாய் இரும்பாக இருந்து மண்ணுக்குள் போயிருக்கும். பிற்பாடு யாரோ பிளம்பர் வந்து மண்ணுக்குள் போகும் பகுதியை பிவிசியாக மாற்றிவிட்டு, மேலே தெரியும் முழ நீள இரும்புத் துண்டை அப்படியே விட்டிருக்கிறார். கம்பி அந்தத் துண்டில் கெட்டியாகத்தான் கட்டியிருந்தது. துண்டுதான் எங்கும் போகவில்லை. தண்ணீர்க் குழாயை எர்த்தாக நம்பக் கூடாது என்று வயர்மேன்கள் சொல்வதன் காரணம் இதுதான். அது மின்வேலைக்காரர் கையில் இல்லாத பொருள், யார் எப்போது மாற்றுவார்கள் என்று சொல்ல முடியாது.

அந்த வயர்மேன் ஒரு குறுக்கு வழி சொன்னார். "சாக்கெட்லயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்துடட்டுங்களா, சுருக்கு நின்னுடும்." நிஜம்தான், சுருக்கு நின்றுவிடும், மீட்டரும் பூஜ்யம் காட்டும். ஆனால் அந்த நியூட்ரல் ஒயர் போர்டிலோ கம்பத்திலோ ஒரு நாள் விட்டுப்போனால், மிஷினுக்குள் போன ஃபேஸ் திரும்பி வர வழியில்லாமல் அந்தத் துண்டு ஒயர் வழியாக நேரே இரும்பு உடம்புக்கு வந்துவிடும். சுவிட்ச் போட்டிருக்கும் ஒரு மிஷின் போதும், எர்த்தில் சேர்ந்திருக்கும் எல்லா மிஷினும் ஷாக் அடிக்கும். இந்த வேலையை யார் செய்து தந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் சாக்கெட்டில் ஏற்கெனவே இப்படிச் செய்து வைத்திருக்கிறார்களா என்று சந்தேகிக்க ஒரு குறிப்பு உண்டு. பெரிய மிஷின் ஒன்று ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வழக்கமாக ஓரிரு வோல்ட் காட்டும். பளு ஏறியும் துல்லியமாகப் பூஜ்யத்திலேயே நின்றால் சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மண்ணில் எர்த் குழி புதிதாகப் போட்டோம். எர்த்திங்குக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 3043. குழாய் எர்த் என்றால் குறைந்தது இரண்டரை மீட்டர் நீள ஜிஐ குழாயை நேராக இறக்க வேண்டும், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவது நம் ஊர் வழக்கம். கொங்குப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும், எங்களுக்கும் தட்டியது. முதலில் பார்த்த இடத்தை விட்டுவிட்டு, குளியலறைத் தண்ணீர் வடியும் பக்கம் போனோம், அங்கே மண் ஆழமாக இருந்தது. குழி ஈரமாக இருக்கும் வரைதான் எர்த் நன்றாக இருக்கும். சித்திரை வெயிலில் மண் காயும்போது கரண்டுக்கு அது காட்டும் தடை ஏறும், அதனால் புனல் வைத்த குழாயில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுகிறோம். த்ரீ ஃபேஸ் மோட்டார்களின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் கம்பிகள் போக வேண்டும் என்பதும் விதி. எங்கள் பெரிய ரம்பத்துக்கு அப்படியே இழுத்தோம்.

இத்தோடு வேலை முடிந்தது என்று பெரும்பாலோர் நினைப்பார்கள். இனிமேல்தான் முக்கியமான கணக்கு வருகிறது.

குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம், மோசமில்லாத குழிதான். ஒரு மிஷினில் ஃபேஸ் முழுதாக உடம்பில் ஒட்டிவிட்டது. 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். போர்டில் இருப்பது 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச். 23 பெரியதுதானே, உடனே விழுந்துவிடும் என்று தோன்றும். விழாது. சி வகை எம்சிபி கண்ணிமைக்கும் நேரத்தில் விழ அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு கரண்ட் வேண்டும், அதாவது 80 முதல் 160 ஆம்பியர். 23 ஆம்பியருக்கு அது உள்ளே சூடேறித்தான் விழும், அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் மிஷின் உடம்பில் ஏறக்குறைய முழு வோல்டேஜும் நிற்கும். அதே எர்த் கம்பியில் சேர்ந்திருக்கும் மற்ற நல்ல மிஷின்களின் உடம்பிலும் நிற்கும். குழி மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இந்த ஓட்டையை அடைப்பது ஆர்சிசிபி. நம் ஆட்கள் இன்னும் ஈஎல்சிபி என்றுதான் கேட்பார்கள், கடைக்காரரும் புரிந்துகொண்டு இதைத்தான் எடுத்துத் தருவார். ஃபேஸில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது கல்லாப்பெட்டிக் கணக்குப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.3 நொடிக்குள் விழுந்தாக வேண்டும். 150 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் 0.04 நொடிக்குள். மனித உடம்பின் கணக்கு இதோடு பொருந்தி வருகிறது. சுமார் 10 மில்லி ஆம்பியரில் கை தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகும். 30ஐத் தாண்டி நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 16 ஆம்பியர் எம்சிபிக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் கண்ணுக்கே தெரியாது. எம்சிபி ஒயரைக் காப்பாற்றுகிறது, ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றுகிறது. ஆர்சிசிபி ஓவர்லோடைப் பார்க்காது, அதனால் இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த ஆர்சிபிஓவும் கிடைக்கிறது.

எர்த்தும் ஆர்சிசிபியும் சேரும்போது என்ன ஆகிறது பாருங்கள். கோடையில் குழி காய்ந்து தடை 100 ஓம் ஆகிவிட்டாலும் பழுது வந்த நொடியில் 2.3 ஆம்பியர் மண்ணுக்குப் போகும், 30 மில்லி ஆம்பியருக்கு அது எவ்வளவோ மேல், உடனே விழும். யாரும் தொடுவதற்கு முன்பே விழும். எர்த் இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் இருந்தால், அது விழுவதற்கு யாராவது ஒருவர் தொட வேண்டியிருக்கும். பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்தான், ஆனால் ஷாக் அடித்துத்தான் அது விழும். ஏணிமேல் நின்று கட்டர் பிடித்திருப்பவருக்கு அந்த ஒரு உதறலே போதும். இன்னொன்று, ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்து, காலில் உலர்ந்த செருப்போடு நின்றால் ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது. அதன் பார்வையில் அவர் ஒரு பல்புதான்.

ஆர்சிசிபி போட்ட புதிதில் எங்களுக்கும் அது அடிக்கடி விழுந்தது. வேலை நின்று நின்று போனால் எல்லோருக்கும் எரிச்சல் வரும், "இதைத் தூக்கிட்டு நேரா கொடுத்துடலாம்" என்ற பேச்சும் கூடவே வரும். எத்தனையோ பட்டறைகளில் ஆர்சிசிபி போர்டில் உட்கார்ந்திருக்கும், ஒயர் அதைச் சுற்றிக்கொண்டு போகும். அப்படிச் செய்யாதீர்கள். எல்லா மிஷின் பிளக்கையும் பிடுங்குங்கள். ஒன்றும் இல்லாமலே விழுந்தால் ஒயரிங்கில் குறை, பெரும்பாலும் ஒரு லைனின் நியூட்ரல் இன்னொரு லைனோடு கலந்திருக்கும். விழவில்லை என்றால் ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். எங்கள் பட்டறையில் பிடிபட்டது விளிம்புப் பட்டை ஒட்டும் மிஷினின் பசை ஹீட்டர். ஹீட்டர் உள்ளே ஈரம் உறிஞ்சியிருந்தது. கூடவே ஒரு பழைய கிரைண்டர், உள்ளே கார்பன் பிரஷ் தூளும் இரும்புத் தூளும் சேர்ந்து கரண்டுக்குப் பாதை போட்டிருந்தன. அன்றிலிருந்து கம்ப்ரஸர் காற்றால் கிரைண்டர்களை ஊதிச் சுத்தம் செய்வது வழக்கமாகிவிட்டது. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அமுக்குகிறோம். அமுக்கி விழாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். அந்தப் பட்டன் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், உங்கள் எர்த் குழியைப் பற்றி எதுவும் சொல்லாது.

எர்த்தைச் சோதிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ் பார்க்கும் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரால் எர்த்தைச் சோதிக்க முடியாது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டினாலும் நம்பிவிட வேண்டாம், மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகச் சிறியது, துருப்பிடித்த நூல் போன்ற இணைப்பு இருந்தாலே முழு வோல்டேஜ் காட்டிவிடும். பழைய ஆட்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பு போட்டுப் பார்ப்பார்கள். எர்த் எங்காவது அறுந்திருந்தால் அந்தச் சில நொடிகள் எல்லா மிஷின் உடம்பிலும் கரண்ட் ஏறும் என்பதால் அதை நான் சொல்ல மாட்டேன். எர்த் டெஸ்டர் கருவி வைத்திருக்கும் வயர்மேனைக் கூப்பிட்டு, வெயில் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் குழியின் தடையை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அளந்தால் எல்லாக் குழியும் நல்ல குழிதான்.

கையில் பிடிக்கும் மிஷின்களுக்கு வருவோம். இப்போது வரும் நல்ல கம்பெனி டிரில், கிரைண்டர், ஜிக்சா பலவற்றில் இரண்டு பின்தான் இருக்கும். எர்த் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பெயர்ப் பலகையில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் மிஷின், எர்த் தேவையில்லாமலே வடிவமைக்கப்பட்டது. அந்தக் குறி இல்லாமல், அலுமினிய உடம்போடு, இரண்டு பின் வைத்துப் பழைய சாமான் கடையில் கிடைக்கும் டிரில்களை வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். இரட்டை இன்சுலேஷன் தண்ணீருக்குத் தாங்காது என்பதையும் சேர்த்து ஞாபகம் வையுங்கள். தண்ணீர் விட்டுக் கொண்டே மார்பிள் கட்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஆர்சிசிபி இல்லாத லைனில் வேலையே கிடையாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

அடுத்தது ஒயரின் பருமன். 30 மீட்டர் நீள எக்ஸ்டென்ஷன், உள்ளே 0.75 ஸ்கொயர் எம்எம் செம்பு. கரண்ட் போகவும் வரவும் 60 மீட்டர், தடை சுமார் 1.56 ஓம். 10 ஆம்பியர் இழுத்தால் 15 வோல்ட்டுக்குமேல் ஒயரிலேயே போய்விடும், 150 வாட்டுக்குமேல் ஒயர் சூடாகிறது. அதே நீளம் 2.5 ஸ்கொயர் எம்எம் என்றால் இழப்பு 5 வோல்ட்டுக்குள். டேபிள் ரம்பம் போன்ற இண்டக்‌ஷன் மோட்டார்களில் இது இன்னும் மோசம். அவை கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். மெல்லிய ஒயர் அந்த நேரம் வோல்டேஜைக் கீழே தள்ளிவிடும், மோட்டார் சுற்றாமல் "ம்ம்ம்" என்று முனகும், நாம் மோட்டார்மேல் பழி போடுவோம். மாலையில் லைன் வோல்டேஜே 200க்கு இறங்கும் ஊர்களில் வைண்டிங் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

நாங்கள் 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் செம்பு ஒயரும் 16 ஆம்பியர் பிளக் டாப்பும் வாங்கிச் சொந்தமாகவே எக்ஸ்டென்ஷன் செய்துகொள்கிறோம். ஒயர் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 694 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் முனையை உரித்து இழைகளை எண்ணலாம். 1.5க்கு வழக்கமாக 0.3 மில்லிமீட்டர் இழை 22, 2.5க்கு 36 இருக்கும். இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம், அந்த அளவு கரண்டைத் தாங்காது. பிளக் டாப்புக்குள் எர்த் ஒயரை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக, தளர்வாக விடுங்கள். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்து அது பிடுங்கிக்கொண்டு வந்தால் கடைசியாக விடுபடுவது எர்த்தாக இருக்க வேண்டும். எர்த் பின் நீளமாக இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான், சொருகும்போது முதலில் சேரும், பிடுங்கும்போது கடைசியில் பிரியும். அந்தப் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவதும், பிளக்கே இல்லாமல் தீக்குச்சி வைத்து ஒயரைச் சொருகுவதும் எங்கள் பட்டறையில் கிடையாது.

நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. எக்ஸ்டென்ஷனுக்கு வரும் வளையும் ஒயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். ஆனால் நம் த்ரீ ஃபேஸ் ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்புதான் நியூட்ரல். ஒரே போர்டில் இரண்டு விதமும் சந்திக்கும்போது நீலத்தை நீலத்தோடு சேர்க்கத் தோன்றும். டெஸ்டரும் மீட்டரும் வைத்துப் பார்க்காமல் நிறத்தை நம்பிச் சேர்க்கக் கூடாது.

ரீலில் சுற்றிய ஒயரை முழுதாக விரித்துத்தான் பெரிய மிஷின் ஓட்ட வேண்டும். சுற்றியபடி எத்தனை வாட், விரித்தால் எத்தனை வாட் என்று நல்ல ரீலில் தனித்தனியாக எழுதியே இருக்கும். காயில் மாதிரி காந்தம் உண்டாகிச் சூடாகிறது என்று சிலர் சொல்வார்கள். அப்படியில்லை, போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். சாதாரணச் சூடுதான், சுருளுக்குள் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. உள் சுற்று உருகி ஒட்டியிருப்பதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பாக்ஸின் பிளக் 6 ஆம்பியர் என்றால் மொத்தமே 1380 வாட்தான் தாங்கும். ரம்பம் 1400, தூசி உறிஞ்சும் வேக்குவம் 1200 இரண்டையும் அதில் சொருகினால் 11 ஆம்பியருக்குமேல். சாக்கெட் மஞ்சளாவதும் பிளாஸ்டிக் வாடை வருவதும் அப்படித்தான். மரத்தூள் பறக்கும் இடத்தில் அது வெறும் வாடையோடு நிற்காது. அதனால் பாக்ஸ்களைத் தரையில் போடாமல் தொங்கவிடுகிறோம், அதற்குள் புகும் தூளையும் சனிக்கிழமைகளில் மெயினை அணைத்துவிட்டுச் சுத்தம் செய்கிறோம். ஒயர் நடுவில் வெட்டுப்பட்டால் டேப் சுற்றி ஓட்டுவதில்லை, அந்த இடத்தில் வெட்டி இரண்டு சிறிய எக்ஸ்டென்ஷனாக ஆக்கிவிடுகிறோம்.

கிச்சன் மாட்ட வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு இன்னும் கவலை. பால் காய்ச்சும் தேதி குறித்திருப்பார்கள், பெயிண்டர், டைல்ஸ் ஆள், நாங்கள் எல்லோரும் ஒரே தற்காலிக லைனில் தொங்குவோம், தரையெல்லாம் தண்ணீர். அந்த லைனுக்கு எர்த் இருக்கிறதா, ஆர்சிசிபி இருக்கிறதா என்று யாரிடமும் கேட்டுப் பயனில்லை. அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ பொருத்திய ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறோம். எங்கள் மிஷின் எல்லாமே அதன் வழியாகத்தான் ஓடும். சொருகியதும் பையன் முதலில் டெஸ்ட் பட்டனை அமுக்குவான், விழுந்தால்தான் டிரில் வெளியே வரும். கட்டட ஜெனரேட்டரில் ஓட்ட வேண்டி வந்தால் மட்டும் இந்தப் பெட்டியை நான் முழுதாக நம்புவதில்லை. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் மண்ணோடு சேர்ந்திருக்காது, அப்போது கசியும் கரண்டுக்குத் திரும்ப வழியில்லாததால் ஆர்சிசிபி கண்டுபிடிக்க ஒன்றுமிருக்காது. டெஸ்ட் பட்டன் அப்போதும் நன்றாகவே வேலை செய்வதுபோல் காட்டும். அந்த நாட்களில் பேட்டரி டிரில்லை எடுத்துப் போகிறோம், பலகை வெட்டுவதைப் பட்டறையிலேயே முடித்துக்கொள்கிறோம்.